சீயக்காய்த் தலையும் நான்கு வால்வுகளும்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு எங்கள் குளியலறைக் குழாய் ஒரு முறை இருமியது. பிறகு காற்றை விட்டது. பிறகு அதுவும் நின்றுபோனது. நிமிடக் கணக்கு எனக்கு எப்படித் தெரியுமென்றால், அன்று விடிந்ததிலிருந்து நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு என் மகளுக்கு விசா நேர்காணல்.

அந்த நேரத்தில் அவள் குளியலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பைத் தொடும் கூந்தல் முழுக்க நல்லெண்ணெய். அதன் மேல், வடிகஞ்சியில் குழைத்த சீயக்காயை நான் அப்போதுதான் தேய்த்து முடித்திருந்தேன். வாளியில் அடி மறையும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது.

எண்ணெய்க் குளியல் என் ஏற்பாடு. அவளுக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து நான்கு வருடங்களாக அவள் தலை எண்ணெயைப் பார்க்கவில்லை. "விசா ஆபீசர் என் தலையையா மோந்து பார்க்கப் போறாரு?" என்று முந்தின நாளே கேட்டாள். வெள்ளிக்கிழமை, தலை முழுகிவிட்டுப் போனால் உடம்புச் சூடு தணியும், பேச்சு தடுமாறாது என்று நான் சொன்னேன். தடுமாற்றம் எனக்குத்தான் இருந்தது. ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. இந்த நேர்காணல் தவறினால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜெர்மனியில் அவளுடைய மேல்படிப்பு தொடங்கும் தேதியோ தெளிவாகத் தெரியும். இந்த நேர்காணலுக்கும் அதற்கும் நடுவில் இருந்தது ஐந்து வாரம்.

"அம்மா, கண்ணு எரியுது. தண்ணி ஊத்து."

"ஒரு நிமிஷம் இரு."

"ஒரு நிமிஷம்னா எவ்ளோ?"

அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் ஏன் நின்றது என்பதற்கு மட்டும் பதில் இருந்தது. நான்தான் நிறுத்தினேன். குழாயைத் திருகி அல்ல, ஒரு நோட்டீஸ் எழுதி.

அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கர்நாடகத் தலைநகரில், தொம்மலூர்ப் பகுதியில், அலுவலகக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு சந்தில், பதினாறு வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. வருடத்துக்கு ஒருவர் சங்கச் செயலாளராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். இந்த வருடம் என் முறை. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் என்பதால், எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று அனைவரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் யாரோ ஒரு செய்தியை அனுப்பினார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்து, இங்கே இருப்பவர்களின் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதில் எந்த ஊர் என்றே இல்லை. உலகத்தில் எந்தத் தெருவுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதப்பட்ட செய்தி. எங்கள் தெருவுக்கும் பொருந்தியது. இரண்டு வாரம் குழுவில் வேறு பேச்சே இல்லை. என் மகளுக்கு வளாக நேர்முகத்தில் வேலை கிடைக்காமல் போன நாட்கள் அவை. கிடைக்காத வேலையை யாராவது எடுத்திருக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யார் எடுத்தார்கள் என்று தேடிப் பார்த்ததில், என் கண்ணுக்கு முதலில் பட்டவர் எங்கள் பம்ப் அறையைப் பார்த்துக்கொள்கிறவர்.

அவர் அஸ்ஸாம்காரர். நாற்பது வயதிருக்கும். மீசையில் நரை. ஒன்பது வருடமாக எங்கள் கட்டடத்தில் மோட்டார் போடுகிறார், வாசலைப் பார்த்துக்கொள்கிறார். தொம்மலூர் டீக்கடையில் கற்றுக்கொண்ட தமிழை என் மகளைவிட நன்றாகப் பேசுகிறார். அவருக்கும் என் மகளுக்குக் கிடைக்காத மென்பொருள் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று என் கணவர் அப்போதே கேட்டார்.

"வேலைங்கறது என்ன, தட்டுல இருக்கற ஒத்தை தோசையா? அவரு பிச்சுக்கிட்டா உன் பொண்ணுக்கு இல்லாமப் போறதுக்கு? எங்க கம்பெனி வாசல்ல வந்து பாரு. 'ஆட்கள் தேவை'ன்னு போர்டு மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. வெயில்ல எழுத்தே வெளுத்துப்போச்சு."

அவர் பொம்மசந்திராவில் ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆள் சேர்க்கும் பிரிவில் இருக்கிறார். அதனால் அவர் பேச்சை நான் வீட்டில் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சங்கக் கூட்டம் போட்டோம். இனி உள்ளூர்க்காரர்களுக்கே வேலை என்று ஒருமனதாக முடிவானது. உள்ளூர்க்காரர் என்றால் யார் என்பதில்தான் கொஞ்சம் நேரமானது. சங்கத் தலைவர் முதல் மாடியில் இருக்கும் கன்னடக்காரர், ஓய்வு பெற்றவர், நிதானமானவர். "நோடியம்மா, சிம்பிள். கர்நாடகால பொறந்தவங்க லோக்கல். முடிஞ்சு போச்சு" என்றார். அவர் மனைவி அங்கேயே, எல்லோர் முன்னாலும், "நீங்க பொறந்தது ஒசூர் ஆஸ்பத்திரி தானே?" என்று கேட்டுவிட்டார். அவருடைய அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறார். தாய்வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். தலைவர் சிறிது நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, பிறப்பு வேண்டாம், பத்து வருடம் இங்கே வாழ்ந்திருந்தால் போதும் என்று நான் சொன்னேன். நான் வாணியம்பாடியிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. ஆகவே அந்த எண் எனக்கு நியாயமாகப் பட்டது. நான்காம் மாடியில் இருக்கும் கோயம்புத்தூர் என்ஜினியருக்கு அது நியாயமாகப் படவில்லை. "ஏனுங்க மேடம், நான் வந்து எட்டு வருசந்தானுங்க ஆச்சு. அப்ப நான் யாருங்க?" என்றார். எட்டு என்று வைத்தால் அஸ்ஸாம்காரரும் உள்ளூர்க்காரர் ஆகிவிடுவார். கடைசியில் பத்து வருடம் என்றே வைத்து, சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு என்று ஒரு வரி சேர்த்தோம். எல்லோருக்கும் நிம்மதி. என்ஜினியர் அந்த வரிக்காக எனக்கு நன்றி சொன்னார்.

நோட்டீஸை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒன்றாம் தேதி முதல் இந்தக் கட்டடத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே வேலை. கீழே என் கையெழுத்து. லிஃப்டுக்குப் பக்கத்தில் மூன்று மொழிகளில் ஒட்டினோம்.

அதே வாரம், அதே மடிக்கணினியில், நான் இன்னொன்றும் எழுதிக்கொண்டிருந்தேன். மகளின் விசா விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய கடிதம். வெளியிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாட்டின் வேலையைப் பறிப்பதில்லை, அங்கே வாடகை கொடுக்கிறார்கள், ரொட்டி வாங்குகிறார்கள், வரி கட்டுகிறார்கள், ஆள் கிடைக்காத இடங்களை நிரப்புகிறார்கள் என்று அதில் ஒரு பத்தி. நன்றாக வந்திருந்தது. இரண்டு கோப்புகளும் திரையில் அடுத்தடுத்துத் திறந்திருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நான் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட எனக்கு எதுவும் இடிக்கவில்லை. இதை இப்போது எழுதும்போது முகம் சூடாகிறது.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு விசா அதிகாரியாக உட்கார்ந்தேன்.

"எங்க ஊர்ல படிக்கறதுக்கு எங்க பிள்ளைங்களே இருக்காங்களே. அவங்க இடத்தை நீ எதுக்கு எடுத்துக்கற?" என்று கடுமையாகக் கேட்டேன்.

மகள் அந்தப் பத்தியை மனப்பாடமாக ஒப்பித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோபாவில் முறுக்கு தின்றுகொண்டிருந்த கணவர் கை தட்டினார்.

"பிரமாதம். இதை ஒரு பிரிண்ட் எடுத்து, கீழ லிஃப்ட்கிட்ட அந்த நோட்டீஸ் பக்கத்துலயே ஒட்டு. படிக்கறவங்க எது புடிக்குதோ எடுத்துக்கட்டும்."

"அது வேற, இது வேற" என்றேன்.

"எப்படி வேற?" என்றாள் மகள்.

"இது ஜெர்மனி."

கணவர் இன்னொரு முறுக்கை எடுத்துக் கடித்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அஸ்ஸாம்காரர் நோட்டீஸைப் படித்தார். வியாழக்கிழமை கடைசி நாள் என்று மட்டும் உறுதி செய்துகொண்டார். அப்போதுதான் கோயம்புத்தூர் என்ஜினியருக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் அலுவலகத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், தனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுத்தவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்று பெயர். எங்கள் கட்டடத்தில் மொத்தம் ஏழு என்ஜினியர்கள். ஏழு பேருக்கும் அந்த யோசனை பிடித்துப்போனது. வியாழன் மாலை பம்ப் அறைக்கு முன்னால் அதற்கென்று ஒரு கூட்டம். வெளியில் இருப்பவர்களுக்காக வீடியோ இணைப்பு. பின்னால் பார்த்துக்கொள்ள ஒளிப்பதிவு.

பம்ப் அறைக்குப் பக்கத்தில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி இருக்கிறது. அதற்குள் நான்கு வால்வுகள். காவிரித் தண்ணீரைத் தரைத் தொட்டிக்குள் விடுவது ஒன்று, ஆழ்குழாய்த் தண்ணீரை விடுவது ஒன்று, மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவது ஒன்று, தோட்டத்துக்குத் திருப்புவது ஒன்று. பார்க்க நான்கும் ஒன்று போலவே இருக்கும். அதனால் அவர் ஒவ்வொன்றிலும் ஒரு நிறத் துணியைக் கட்டி வைத்திருந்தார். எதை எவ்வளவு திருப்ப வேண்டும், எதற்கு முன்னால் எதை மூட வேண்டும், எந்தச் சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும். அதைத்தான் அன்று அவர் பொறுமையாக விளக்கினார். குழிக்குள் இறங்கி ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். எங்களில் யாரும் இறங்கவில்லை. ஒளிப்பதிவு ஆகிறதே என்ற தைரியம்.

அவர் போன பிறகு என்ஜினியர் குழிக்குள் இறங்கி, அழுக்குத் துணிகளை அவிழ்த்து எறிந்துவிட்டு, அச்சிட்டு லேமினேட் செய்த அட்டைகளை மாட்டினார். வி-1, வி-2, வி-3, வி-4. கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்து எண் போட்டதாகச் சொன்னார். கட்டியவர் வரைபடத்தைப் பார்த்துக் கட்டினாரா என்று யாரும் கேட்கவில்லை.

இனி வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

புதிதாக ஏற்பாடு செய்த உள்ளூர்க்காரர் காலை ஐந்து மணிக்கு வந்து மோட்டார் போட்டிருக்க வேண்டும். அவர் நகர எல்லையில் இருக்கும் அத்திபெலேக்காரர். தலைவரின் அறிமுகம். நானும் என் கணவரும் கீழே ஓடியபோது தலைவர் ஏற்கெனவே ஸ்வெட்டரோடு குழி ஓரத்தில் நின்று அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், மன்னிச்சிக்கோங்க சார். நேத்து ஒரு ஃபேக்டரியில எடுத்துக்கிட்டாங்க சார். கேன்டீன் இருக்கு, பஸ் இருக்கு. இன்னிக்கு ட்ரெயினிங். பஸ்ஸுல இருக்கேன் சார்."

"யாவ ஃபேக்டரியப்பா?"

"பொம்மசந்திரால சார்." தொழிற்சாலையின் பெயரையும் சொன்னார்.

அதற்குள் அங்கே கூடியிருந்த எல்லோரும் மெதுவாக என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழிக்குள் எதையோ தீவிரமாக ஆராய ஆரம்பித்தார்.

"நீங்கதான் எடுத்தீங்களா?" என்றேன்.

"நேத்து பதினேழு பேரை எடுத்தோம். ஒவ்வொருத்தர்கிட்டயும் 'எங்க வீட்டு மோட்டார் போடப்போறது நீதானா'ன்னு கேக்க முடியுமா?"

நான் மேலே ஓடினேன். மகள் முக்காலியிலேயே இருந்தாள். சீயக்காய் காய ஆரம்பித்து, நெற்றி ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. சமையலறையில் குடிதண்ணீர்க் கேனில் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்து அவள் தலையில் கொட்டினேன். குளிர்ந்த தண்ணீர். எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து, தேநீர் நிறத்தில் ஒரு களி மாதிரித் திரண்டன. சீப்பு உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அதை வெளியே எடுக்க முடியவில்லை.

"அம்மா, சீப்பு எங்க?"

"இருக்கு. உன்கிட்டதான் இருக்கு."

தரைத் தொட்டியில் வாளியை விட்டு மொள்ளலாம் என்றால் மூடியில் பூட்டு, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற பதினைந்து வீடுகளிலும் கேட்டுவிட்டேன். எல்லோரும் அப்போதுதான் எழுந்து குழாயைத் திறந்திருந்தார்கள். காலைக் கடனுக்கு ஒரு வாளி வைத்திருந்தவர்கள் அதைக் கதவுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பேசினார்கள். கேன் வண்டி பத்து மணிக்குத்தான் வரும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அழகு நிலையமும் பத்து மணிக்குத்தான். தெரிந்தவர் வீடு ஒன்று இந்திரா நகரில் இருக்கிறது, ஆட்டோவில் போய்விடலாம் என்றேன். "இந்தத் தலையோட நான் படியிறங்க மாட்டேன்" என்றாள். தலையைப் பார்த்தேன். எனக்கும் வற்புறுத்தத் தோன்றவில்லை.

நான் திரும்பக் கீழே வந்தபோது மணி ஏழே கால். கூட்டம் பெருகியிருந்தது. என்ஜினியர் மடிக்கணினியைக் கொண்டுவந்து குழியின் விளிம்பில் வைத்து, முந்தின நாள் ஒளிப்பதிவை ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு நிமிடப் படம். முதல் பதினோரு நிமிடம் ஒவ்வொருவரும் தன் குரல் கேட்கிறதா என்று கேட்கிறார்கள். பிறகு திரை முழுக்கத் தலைவரின் காது. அவருடைய போனில் எடுத்திருக்கிறார்கள், அதை அவர் திருப்பிப் பிடித்திருக்கிறார். அஸ்ஸாம்காரரின் குரல் தூரத்தில் எங்கோ கேட்கிறது. "மஞ்சள் துணியை முக்கால் சுத்து, அப்புறம் நீலம்..." என்று அவர் சொல்லும் இடத்தில், நான்காம் மாடியிலிருந்து யாரோ, "துணி எல்லாம் எடுத்துடலாம், லேபிள் போட்டுக்கலாம்" என்கிறார்கள். முக்கியமான கடைசிப் பகுதியில், அவர் எந்தச் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தலைவர் நன்றியுரையை ஆரம்பித்துவிடுகிறார்.

"மஞ்சத் துணி எதுல கட்டியிருந்துச்சு?" என்று என் கணவர் கேட்டார்.

என்ஜினியர் நான்கு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுதானுங்க யோசிச்சிட்டிருக்கேன்."

வரைபடப்படி வி-4 மாடித் தொட்டிக்குப் போவது. அதைத் திருப்பினார். தலைவர் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் மேலே பார்த்து, "வருது, வருது, ரெடியா இரு!" என்று கத்தினேன். பத்து நிமிடம் கழித்து, கட்டடத்தின் பின்பக்கம் என் சின்ன ஸ்கூட்டர் மெதுவாக மிதந்து திரும்பி நின்றது. மிதந்தது என்பது கொஞ்சம் அதிகம்தான். சாய்ந்தது. வி-4 தோட்டத்துக்கு. தரைத் தொட்டியில் இருந்ததில் பாதி செம்பருத்திக்குப் போய், அங்கிருந்து சேறும் சகதியுமாக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போயிருந்தது.

அந்த நிலைமையிலும் விவாதம் நிற்கவில்லை. தலைவர், "நம்ம ஆளுங்க வேலை செய்ய வர மாட்டேங்கறாங்க, ஏன் மாடோது, என்ன பண்றது" என்று வருத்தப்பட்டார். "வராமலா? வேற நல்ல வேலைக்குப் போறாங்க. போகக்கூடாதா?" என்று கணவர் கேட்டார். வெளியூர்க்காரர்கள் வந்து கூலியை இறக்கிவிட்டதால்தான் உள்ளூர்க்காரர் வரவில்லை என்றார் என்ஜினியர். ஒன்பது வருடமாகக் கூலியை முடிவு செய்தது அஸ்ஸாம்காரரல்ல, இந்தச் சங்கம்தான் என்று தலைவரின் மனைவி பால்கனியிலிருந்து சொன்னார். ஏழு என்ஜினியர்களும் குழியைச் சுற்றி நின்று பொருளாதாரம் பேசினார்கள். வால்வைப் பற்றிப் பேச அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நான் அஸ்ஸாம்காரருக்குப் போன் செய்வதென்று முடிவு செய்தேன். போனில் தேடும்போதுதான் பார்த்தேன். ஒன்பது வருடமாக அவர் என்னிடம் 'மோட்டார்' என்ற பெயரில் இருக்கிறார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மேடம், வணக்கம். தண்ணி இல்லியா?"

"எப்படித் தெரியும்?"

"இந்நேரத்துக்கு நீங்க போன் பண்ண வேற என்ன இருக்கு மேடம்?"

இரண்டு தெரு தள்ளி இன்னொரு கட்டடத்தில் அன்று காலையே வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தார். வியாழன் இரவு ஒரே இரவு அவர் வேலையில்லாமல் இருந்திருக்கிறார். அதிலும் தூங்கும் நேரம் போக மிச்சம் கொஞ்சம்தான். எட்டரை வரை அங்கே தொட்டி கழுவ வேண்டும், நடுவில் வர முடியாது என்றார். போனிலேயே வால்வைச் சொல்லுங்கள் என்றேன். "நீலத் துணி கட்டினதை மூடிட்டு..." என்று ஆரம்பித்தார். துணி இல்லை என்றேன். "துணி இல்லியா மேடம்?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். எனக்கு அது திட்டு வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவரை இப்போதே அனுப்பச் சொல்லி அவர்களுடைய செயலாளரிடம் கேட்கிறேன், போனைக் கொடுங்கள் என்றேன். ஒரு பெண் குரல் வந்தது. இந்த ஊரின் பழைய கன்டோன்மென்ட் பகுதியில் பேசும் தமிழ்.

"இன்னாம்மா, நீங்கதான் அந்த நோட்டீஸு அம்மாவா?"

நோட்டீஸ் இரண்டு தெரு தாண்டிப் போயிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆமாங்க. என் பொண்ணுக்கு இன்னிக்கு விசா இன்டர்வியூ. தலையில எண்ணெயோட உக்காந்திருக்கா. அவரைப் பத்து நிமிஷம் அனுப்பினா..."

"நீங்க வேணாம்னு தொரத்துனீங்கோ, நாங்க வச்சிக்கினோம். இப்ப குடுன்னா? நாலு தலைமொறையா அல்சூர்ல கீறோம்மா நாங்கோ. எங்க தாத்தா காலத்துலகூட இப்டி ஒரு நோட்டீஸு ஒட்டல. நீங்க எப்ப வந்தீங்கோ?"

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

"நேத்து வந்துட்டு." என்றார். "பொண்ணு எந்தூருக்குப் போவுது?"

"ஜெர்மனி."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். இவர் அப்படிப்பட்டவர் இல்லை. சிரித்து முடித்துவிட்டு, "தொட்டியில இறங்கிக்கிறாரு, பாதியில ஏத்த முடியாது. முடிச்சிட்டு வருவாரு. எட்டரை. புள்ளையை அழ வேணாம்னு சொல்லு" என்று வைத்துவிட்டார்.

எட்டு மணி வரை நான் என்ன செய்தேன் என்பது சரியாக நினைவில்லை. நான்கு முறை மாடி ஏறி இறங்கினேன். ஒருமுறை மகள், கண்ணை மூடியபடியே, நிதானமான குரலில் கேட்டாள்.

"அம்மா, அந்த ஊர்லயும் உன்னை மாதிரி ஒரு அம்மா இருப்பாங்கல்ல? அவங்க பொண்ணுக்கும் வேலை கிடைச்சிருக்காதுல்ல? அவங்க சங்கச் செயலாளரா இருந்தா நான் என்ன பண்றது?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. பயந்து கேட்டாள். ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவில்லை. நான் ஈரத்துணியால் அவள் கண்ணிமைகளைத் துடைத்தேன். அந்த அம்மாவை என்னால் தெளிவாகக் கற்பனை செய்ய முடிந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. அவளும் தூங்காமல், எங்கோ ஒரு சமையலறை மேசையில், யாருக்கும் கெடுதல் நினைக்காமல், நேர்த்தியாகத் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள்.

மகள் பத்து இருபதுக்கு விசா மையத்தின் வாசலில் இருந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈரக் கூந்தலை ஆட்டோவில் காற்றில் காய வைத்துக்கொண்டு போனோம். விசா இன்னும் வரவில்லை. மூன்று வாரமாகிறது. வாசல் மணி அடித்தால் இப்போதும் நான்தான் முதலில் ஓடிப்போய்த் திறக்கிறேன். நோட்டீஸை அன்று மத்தியானமே கிழித்தேன். மூன்று மொழிகளில் ஒட்டியதை மூன்று முறை கிழிக்க வேண்டியிருந்தது. பசை நன்றாகப் பிடித்திருந்தது.

எட்டு மணிக்கு மேல் குழியின் ஓரத்தில் பொறுமை தீர்ந்துவிட்டது. இருப்பது நான்கு வால்வுதான், அதிகபட்சம் இருபத்துநான்கு வரிசையில் திருப்பிப் பார்க்கலாம் என்று நான் சொல்லிவிட்டேன். கணக்கு டீச்சர் சொன்னால் யார் மறுப்பார்கள்? எத்தனை சுற்று என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என்ஜினியர் இறங்கினார். அவருக்கு வெளிச்சம் காட்ட என் கணவர் இறங்கினார். இருவரும் வாக்குவாதம் செய்ததால் நடுவர் வேலைக்குத் தலைவர், மனைவி தடுத்தும் கேளாமல், ஸ்வெட்டரோடு இறங்கினார். எந்த வரிசையை ஏற்கெனவே முயன்றோம் என்று குறித்துக்கொள்ள நானும் ஒரு காலை உள்ளே வைத்தேன். ஏழாவது வரிசையில் ஏதோ ஓர் இணைப்பு பீய்ச்சியடிக்க ஆரம்பித்தது. என்ஜினியர் அதை உள்ளங்கையால் பொத்தினார். கணவர் அவர் கையைப் பொத்தினார். தலைவர் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். நான்கு பேர் முகத்திலும் தண்ணீர். மாடியில் என் மகளுக்கு மட்டும் இல்லை.

எட்டு முப்பத்தெட்டுக்கு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அஸ்ஸாம்காரர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நடந்து வந்தார். தோளில் துண்டு. குழிக்குள் பார்த்தார். அட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம் மேடம். முதல்ல எல்லாரும் குழியை விட்டு வெளிய வாங்க. பாப்பா குளிக்கணும்."